பின்வாசல் சாம்பல்

"இது மூணாவது புகார். இந்தத் தடவை அந்த மனுஷனைக் காலி பண்ண வைக்காம நான் ஓயமாட்டேன்" என்றாள் பிரெண்டா.

சமையலறை மேஜைக்கு எதிர்ப்பக்கம் இருந்த மிஸ் ஃபிரேசர் தேநீரைக் கலக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தெருவின் வீடுகளையெல்லாம் வாடகைக்கு விடும் சங்கத்தின் அதிகாரி அவள்.

விஷயம் இதுதான். பக்கத்து வீட்டு ஆர்னால்ட் குளிர் ஏறிய நாளிலிருந்து தன் அடுப்புச் சாம்பலை வாளியில் கொண்டுவந்து பிரெண்டாவின் பின்வாசல் படியில் கொட்டுகிறார். அவர் வாசலில் ஒரு பிடி சாம்பல் கிடையாது. விடியும் முன்னால் திருட்டுத்தனமாகக் கொட்டுவதை ஜன்னல் வழியே அவளே பார்த்துவிட்டாள். துணி காயப்போடும் கொடிக்காக ஒருமுறை சண்டை போட்ட பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பழி வாங்குகிறார், வேறென்ன?

"புகார் நிரூபணமானா அவருக்கு இந்தத் தெருவுல வீடு இல்ல. வேற ஊர்ல ஒத்தை அறைதான் கிடைக்கும். கல்யாணமாகி வந்ததிலேருந்து இங்கேயே இருக்கறவர். நல்லா யோசிச்சுட்டீங்களா?" என்றாள் அதிகாரி.

"நான் யோசிக்காம எதையும் பேசினதில்ல."

அதுவும் நிஜம். பிரெண்டா தடுமாறி அந்தத் தெரு பார்த்ததில்லை. வீட்டைச் சூடாக்கும் பாய்லரின் கோளாறைக்கூட அவளே கண்டுபிடித்து வைத்திருந்தாள். தினமும் காலையில் அழுத்தம் காட்டும் முள் சைபருக்கு வந்துவிடுகிறது. குழாயைத் திறந்து தண்ணீர் ரொப்பினால் ஓடுகிறது, மறுநாள் பழையபடி சைபர். தரைக்கடியில் குழாய் ஒழுகுகிறது, அதுவும் ஆர்னால்ட் சுவரில் ஆணி அடித்ததால்தான் என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது. இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போதே பாய்லரைப் பழுது பார்க்க வந்து சேர்ந்த டேரனிடம், எந்த இடத்தில் தரையைத் தோண்டவேண்டும் என்றும் காட்டிவிட்டாள்.

"தோண்டறது இருக்கட்டும்மா, முதல்ல பாத்துடறேன்" என்றான் டேரன்.

பாய்லரை ஓடவிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். சூடு ஏற ஏற முள்ளும் ஏறிச் சிவப்புக் கோட்டைத் தொட்டது. அணைத்துவிட்டு, உள்ளே இருந்த சிறு தொட்டியின் காற்றுவால்வு மூடியைக் கழற்றி, சைக்கிள் ட்யூபில் இருப்பது போன்ற அதன் ஊசியை அழுத்தினான். காற்று சீற வேண்டிய இடத்தில் தண்ணீர் பீய்ச்சி அவன் சட்டைக்கையை நனைத்தது.

"அவ்வளவுதாம்மா. சூடானா தண்ணி விரியும். அதுக்கு இடம் குடுக்கத்தான் இந்தத் தொட்டியில காத்து இருக்கு. இப்ப காத்தே இல்ல. அதனால அதிகத் தண்ணிய பாய்லர் துப்பிடுது, ஆறினதும் முள்ளு படுத்துக்குது. நீங்க ரொப்ப ரொப்ப அது துப்பிக்கிட்டே இருக்கு."

"துப்பினா என் வீடு நனைஞ்சிருக்கணுமே? நான் என்ன குருடா?"

"வீட்டுக்குள்ள துப்பாது. வாங்க, காட்டறேன்."

இடுப்பு எலும்பு அறுவை செய்துகொண்ட பிரெண்டா கைத்தடியை எடுத்துக்கொண்டாள். அதிகாரியும் கூட வந்தாள்; எப்படியும் அந்தச் சாம்பலை அவள் பார்த்தாக வேண்டும்.

பின்சுவரின் அடியில் பாய்லரிலிருந்து வரும் ஒரு செப்புக்குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியிலிருந்து இப்போதும் தண்ணீர் சொட்டி, நேராகப் பின்வாசல் படிக்கு வழிந்துகொண்டிருந்தது.

டேரன் படியில் கிடந்த சாம்பலைப் பூட்ஸால் ஒதுக்கினான். அடியில் கண்ணாடியாய்ப் பளபளத்தது பனிக்கட்டி. அதில் கால் பட்டதும் வழுக்கி, சட்டென்று சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"பனி மேல சாம்பல் போட்டா கால் வழுக்காது. நல்ல வேலை பண்ணீங்கம்மா. சாம்பல் போடாம இருந்திருந்தா, இந்த இடுப்பை வச்சுக்கிட்டு நீங்க என்னைக்கோ விழுந்திருப்பீங்க."

பிரெண்டா கைத்தடி நுனியால் இன்னும் கொஞ்சம் சாம்பலை விலக்கிப் பார்த்தாள்; அடியெல்லாம் பனிக்கட்டி. இத்தனை நாளும் அந்தச் சாம்பலை மிதித்துத்தானே குப்பை கொட்டப் போனோம் என்று நினைத்துக்கொண்டாள்.

மிஸ் ஃபிரேசர் மெல்லக் கேட்டாள்: "அவர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடலாமா?"

பிரெண்டா முன்னால் நடந்தாள். ஆர்னால்டின் கதவை அவளே தட்டினாள்.

கதவு திறந்தது. கிழவர் அதிகாரியைக் கவனிக்கவே இல்லை. பிரெண்டாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு பதறிப்போய் அவள் காலைப் பார்த்தார்.

"என்னம்மா, விழுந்துட்டியா? காலையில ரெண்டு வாளி போட்டேனே, பத்தலையா?"