பெருச்சாளியின் பின்வாசல்

வரப்பு எலிகளின் சங்கத்தில் ஒரு வளைக்கு ஒரே வாசல் என்பது விதி. பக்கத்து வளைப் பெருச்சாளியோ ராப்பகலாகத் தோண்டிக்கொண்டே இருந்தது. வெள்ளெலி சுவரில் காதை வைத்துக் கேட்டது. சத்தம் தன் நெல் குவியலை நோக்கியே வந்தது.

"என்ன அண்ணாச்சி, விதி தெரியாதா?"

"பின்வாசல் வெட்டுறேன் தம்பி. ஆத்திர அவசரத்துக்கு உனக்கும் உதவும்."

'எனக்கா? திருட்டுப் பயல், என் நெல்லுக்கு வழி வெட்டுறான்!' அன்றிலிருந்து வெள்ளெலி நெல்லின் மேலேயே படுத்துக்கொண்டது.

அறுவடை முடிந்ததும் ஆட்கள் வந்து வாசல்களில் வைக்கோலைக் கொளுத்திப் புகை போட்டார்கள். வெள்ளெலிக்கு மூச்சு முட்டியபோது சுவர் இடிந்தது. பெருச்சாளி அதன் வாலைக் கவ்வி, பின்வாசல் வழியாக வெளியே இழுத்துப் போட்டது.

வெள்ளெலி இருமி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"அதெல்லாம் இருக்கட்டும் அண்ணாச்சி. என் சுவரை இடிக்கச் சங்கத்துல யாரைக் கேட்டீங்க?"