விட்டுப்போன கொம்பு

"எனக்குன்னு ஒரு எடமே இல்லைங்க சார். இருந்தும் இல்லாத மாதிரிதான்."

இளையபெருமாளுக்குப் புல்லரித்தது. கடை திறந்த முதல் நாள், முதல் ஆள். முதல் வாக்கியமே பாடப்புத்தகத்தில் இருப்பது போல வந்து விழுகிறது. பேனாவை எடுத்து, மூடியைக் கழற்ற மறந்து இரண்டு வரி எழுதினார்.

மனோதத்துவத்தில் முதுகலைப் பட்டம் வாங்கி, அதைச் சட்டம் போட்டு மாட்டி, சென்னையில் ஆறு மாதம் அறை எடுத்து உட்கார்ந்து பார்த்தவர் அவர். தேடி வந்தது ஒரே ஓர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். குறுக்கே பேசாமல் கேட்பதுதான் இளையபெருமாளின் சிகிச்சை முறை. கேட்டார், கேட்டார், கடைசியில் பாலிசியில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகுதான் சொந்த ஊரான குடவாசலுக்கு வந்து, மாமனாரின் உரக்கடை மாடியில் இந்த மனநல ஆலோசனை அறை. மனைவி நீலாம்பாள் காலையில் காபி கொடுக்கும்போதே சொல்லிவிட்டாள்.

"இன்னிக்கு ஒருத்தராவது வரணும். இல்லன்னா நாளைலேர்ந்து கீழ எறங்கி அப்பாகூட யூரியா மூட்டை தூக்குங்க."

ஒருவரா? வாசலில் பெயிண்டர் அல்லா பிச்சை போர்டு மாட்டும் சத்தம் கேட்டபோது இளையபெருமாள் உள்ளே நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து நிமிர்வதற்குள் மாடிப்படியில் ஆறு பேர். ஆளுக்கொரு மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார்கள். 'பாதுகாப்பின்மை' என்று குறித்துக்கொண்டார். ஊர் இவ்வளவு நொந்து கிடக்கிறதே என்று கவலையாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், சந்தோஷமாகவும் இருந்தது.

முதலில் உள்ளே வந்தவள் அம்சம். நடவு வேலைக்குப் போகிறவள், ஐம்பது வயதிருக்கும்.

"எப்பலேர்ந்தும்மா இப்படி?"

"கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து சார். இருபத்தெட்டு வருசமாச்சு. எங்க மாமியாருக்கும் இதே கதிதான்."

'பரம்பரை' என்று எழுதினார். இப்போது மூடியைக் கழற்றியிருந்தார்.

"முன்னாடி யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"காட்டாமயா? ஆட்சி மாறுறப்பல்லாம் முகாம் போடுறாங்க. ரெண்டு கட்சிக்காரங்களும் வந்து பேரெழுதிட்டுப் போனாங்க. அதோட சரி."

இளையபெருமாள் பெருமூச்சு விட்டார். முகாமில் மாத்திரை கொடுப்பார்கள். காது கொடுக்க யார் இருக்கிறார்கள்?

"ரொம்பக் கஷ்டப்படுத்துறது எதும்மா?"

"பக்கத்து வீட்டு ரெத்தினந்தான் சார். எல்லை தாண்டுறாரு. கொஞ்சங் கொஞ்சமா உள்ள வர்றாரு. கேட்டா சிரிக்கிறாரு."

இளையபெருமாளுக்குக் காது சிவந்துவிட்டது. எந்த விதத்தில் என்று கேட்டிருக்கலாம். முதல் நாளே துருவக்கூடாது என்று வகுப்பில் சொல்லியிருந்ததால் கேட்கவில்லை. வகுப்பில் சொன்ன மற்றதெல்லாம் மறந்துபோய், இது மட்டும் ஞாபகம் இருந்தது.

அம்சம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"தூக்கமே இல்ல சார். நாளைக்கே எந்திரிச்சுப் போன்னு ஒருத்தன் சொன்னா, எதைக் காட்டி நிப்பேன்? இந்த மாதிரி என்னைய யாரும் நாற்காலி போட்டு ஒக்கார வச்சுக் கேட்டதில்ல. எல்லா எடத்துலயும் வாசல்லயே நிக்க வச்சு அனுப்பிருவாங்க."

இளையபெருமாள் பேனாவைக் கீழே வைத்தார். ஆலோசகர் ஆலோசனை சொல்லக்கூடாது, நோயாளியே வழி கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் கட்டிக்காத்த ஒரே கொள்கை. அதை அந்த நிமிடமே காற்றில் விட்டார்.

"எல்லையை நீங்கதாம்மா போடணும். வெளியிலேர்ந்து ஒருத்தர் வந்து போட்டுத் தருவாருன்னு இருந்தா, ஆயுசுக்கும் இருக்க வேண்டியதுதான்."

அம்சம் நிமிர்ந்தாள். "நாங்களே போட்டுக்கலாமா சார்?"

"யாரையும் கேக்க வேண்டாம். இதுவரைக்கும்தான், இதுக்கு மேல வராதன்னு காட்டிருங்க."

"அவரு சண்டைக்கு வந்தா?"

"ஒரு அடிகூட விட்டுக்குடுக்காதீங்க."

"சார்தான் சொன்னாருன்னு சொல்லலாமா?"

"தாராளமா!" என்றார் இளையபெருமாள். மேஜையில் ஒரு தட்டும் தட்டினார்.

அம்சம் கையெடுத்துக் கும்பிட்டாள். வந்தபோது நெஞ்சில் இருந்த மஞ்சள் பை, போகும்போது கையில் ஆடிக்கொண்டு போனது. 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதி இரண்டு கோடும் போட்டார். யூரியா மூட்டை இனி வேறு யாராவது தூக்கட்டும். நீலாம்பாளிடம் இதை எந்த முகபாவத்தோடு சொல்வது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது, மாடிப்படியிலிருந்து அம்சத்தின் குரல் கணீரென்று கேட்டது.

"படிச்ச சாரே சொல்லிட்டாரு! சர்வேயர் வருவாருன்னு இனிமே காத்துக் கெடக்க வேணாமாம். எல்லைய நம்மளே போட்டுக்கலாமாம். நான் போயி வேலிக்குக் கம்பு நட ஆள் கூப்புடுறேன்!"

சர்வேயரா?

இளையபெருமாள் ஐந்து மஞ்சள் பைகளைத் தாண்டிக் குதித்து இறங்கினார். "அம்மா, நில்லுங்க! நில்லுங்கம்மா!" என்று அவர் தெருவுக்கு வருவதற்குள் அம்சம் ஏறிய மினி பஸ் திருப்பத்தில் மறைந்துவிட்டது.

மூச்சு வாங்கத் திரும்பினார். முப்பது வருடம் கட்சிச் சுவரெல்லாம் வீட்டுப் பட்டா வாக்குறுதி எழுதிப் பழகிய அல்லா பிச்சை, ஏணியில் நின்று போர்டுக்கு ஓரக்கோடு தீட்டிக்கொண்டிருந்தார்.

"எப்படி சார் இருக்கு? நீங்க எழுதிக் குடுத்த சீட்டுல ஒரு கொம்பு விட்டுப்போயிருந்துச்சு. பரவாயில்ல, நானே சேத்துட்டேன்."

இளையபெருமாள் அண்ணாந்து பார்த்தார். நீலப் பெயிண்ட் காயாமல் பளபளத்தது: 'மனை நல ஆலோசகர்.'