பேசியவர்கள் பட்டியல்

"இன்னைக்கும் பேசினவங்க பட்டியல்தானா?" கரும்பலகைக் கட்டையில் கிடந்த டஸ்டர் எரிந்து விழுந்தது.

"நான் என்ன செய்ய?" என்றது சாக்பீஸ். "தமயந்தி அஞ்சே நிமிஷத்துல கணக்கை முடிச்சுட்டா. உடனே டீச்சர், 'யாரெல்லாம் பேசறாங்கன்னு எழுதும்மா'ன்னு என்னை அவ கையில குடுத்துட்டாங்க."

"இன்பராஜும் அஞ்சு நிமிஷத்துலதானே முடிக்கிறான்?"

"முடிச்சுட்டு பெஞ்சு மேல ஏறிக் குதிக்கிறானே! 'இவனுக்கு இந்தக் கணக்கெல்லாம் பத்தாது'ன்னு டீச்சர் போன வாரமே போட்டிக் கணக்குப் புத்தகம் குடுத்துட்டாங்க."

"அவளுக்கு?"

"அவ எங்க கேட்டா? அதெல்லாம் அவளுக்கு வராதுபோல."

"வராதா?" டஸ்டர் கத்தியே விட்டது. "நேத்து சாயங்காலம் நீ டப்பாவுக்குள்ள கிடந்தே. அவன் விட்டுட்டுப் போன புத்தகத்தைப் பிரிச்சு, கடைசிக் கணக்கை வேற ஒரு சாக்பீஸ் துண்டால பலகை முழுக்கப் போட்டா. டீச்சர் வர்ற சத்தம் கேட்டதும் என்னை வெச்சு அழிச்சுட்டா. விடை சரி. இன்னும் என் மேலதான் ஒட்டியிருக்கு."

அப்போது தமயந்தி வந்தாள். யாரும் சொல்லாமலே டஸ்டரை எடுத்துச் சன்னல் கம்பியில் தட்டினாள். வெள்ளைத் தூள் காற்றோடு போயிற்று.

"நல்ல பிள்ளை" என்றார் டீச்சர்.