பிடி விடாத வீடு

வெள்ளம் வந்தால் வீட்டைத் தூக்கி மேட்டில் வைப்பது கொள்ளிடக்கரைத் தெருவுக்குப் பழக்கம்தான். ஆள் உள்ளே இருக்கத் தூக்கியதில்லை. இன்று இளவஞ்சியின் நாத்தனார் உள்ளே பிரசவ வலியில் கிடந்தாள்.

சுவரெல்லாம் பஞ்சுபோல் துளை நிறைந்த, எடை குறைந்த அலுமினியம். அந்தத் துளைகளுக்குள் உருகி இறங்கும்படி சூடேற்றி அழுத்தி, தூக்குவதற்கான பிளாஸ்டிக் கைப்பிடிகளை ஒட்டியவள் ஆலையில் வேலை செய்யும் இளவஞ்சிதான்.

"ஒரு ஆணிகூடக் காணோமே அண்ணி, பிடி கையோட வந்துட்டா?" என்றான் கொழுந்தன்.

"உங்க கை கழண்டாலும் அது கழலாது. தூக்குங்க தம்பி."

தெருவே கூடித் தூக்கியது. இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தபடி, ஒட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள் இளவஞ்சி. மயிரிழைகூட விரியவில்லை. பாதி வழியில் உள்ளே குழந்தை அழுதது.

மேட்டில் இறக்கியதும் அங்கே காத்திருந்த நர்ஸ் கேட்டாள்: "பிள்ளை எங்க பொறந்துச்சு?"

"வீட்டுலதாங்க" என்றாள் இளவஞ்சி.