பி.டி. பீரியட்

பீப்.

ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் துள்ளியது.

அவர் வேப்பமரத்தடியில், பிளாஸ்டிக் நாற்காலியில். இருபத்திரண்டு வருடமாக இந்தப் பள்ளிக்கூடத்தின் பி.டி. சார். இன்று வேடிக்கை பார்ப்பவர்.

இருபது நொடி குதி. பத்து நொடி நில். மறுபடி குதி. இப்படி எட்டு ரவுண்டு.

நாலே நிமிடத்தில் இதயம், நுரையீரல், ஞாபகசக்தி, ஒழுக்கம் எல்லாம் சீராகிவிடும் என்று சுவரில் பேனர் கட்டியிருந்தார்கள். திட்டத்தைத் தொடங்கிவைக்க வந்த தாளாளர் மேடையின் மூன்று படி ஏறியதும் பேச்சு வராமல் தண்ணீர் கேட்டார்.

திட்டத்தின் பெயர் 'ஹிட்'டாம்.

"கொசுவுக்கு அடிக்கிறதுல்ல அது?" என்று காலையில் ஆசிரியர் அறையில் சொல்லிப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஒன்பதும் பத்தும் இனி திட்டத்தோடு புதிதாக வந்த கோச்சுக்கு. எட்டாவது மட்டும் அவருக்கு மிச்சம். அடுத்த வருடம் அதுவும் போகலாம்.

பீப்.

கோச்சுக்கு இருபத்தாறு வயதிருக்கும். உடம்போடு ஒட்டிய பனியன். தொப்பை என்ற சொல்லையே கேள்விப்படாத வயிறு.

அவர் தன் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

இதில் என்ன அதிசயம்? அவரும்தான் ஓடவிட்டிருக்கிறார். லேட்டாக வந்தவனை, முடி வெட்டாதவனை, ஷூ போடாதவனை. ஓடு, நில், மறுபடி ஓடு. அப்போது அதற்குப் பெயர் பனிஷ்மென்ட். பெற்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

இன்று அதே பெற்றவர்கள் கேட்டுக்கு வெளியே நின்று வீடியோ எடுக்கிறார்கள்.

மூன்றாவது வரிசையில் மதிவதனி. வருடம் முழுக்க அவரிடம் வயிற்றுவலி சொன்னவள். முகம் தக்காளியாகச் சிவந்து, மூச்சு வாங்க, சிரிக்கிறாள்.

இப்போது வயிறு அவருக்கு எரிந்தது.

பீப்.

"சார், நீங்களும் வாங்க சார்! செமயா இருக்கு!" என்று வரிசையிலிருந்து ஒரு பையன் கத்தினான்.

"முழங்கால் வலிடா" என்றார்.

முழங்காலில் ஒன்றுமில்லை.

அப்போதுதான் வராந்தாவிலிருந்து ஜெசிந்தா மிஸ் இறங்கி வந்தார். கணக்கு. கையில் சாக்பீஸ் டப்பா.

அந்த நடை அவருக்கு அத்துப்படி. பரீட்சை நெருங்கினால் போதும், போர்ஷன் முடியவில்லை என்று மிஸ் வந்துவிடுவார். பிள்ளைகளை வரிசையாக ஓட்டிக்கொண்டு போய்விடுவார். மிஸ் வாய் திறப்பதற்கு முன்பே "கூட்டிட்டுப் போங்க மிஸ்" என்று அவர் சொல்லிப் பழகியிருந்தார். இருபத்திரண்டு வருட பீரியடில் பாதி அல்ஜீப்ராவுக்குப் போனது. மீதி மழைக்கு.

நிமிர்ந்து உட்கார்ந்தார். தெரியும் பார் இப்போது, தம்பிக்கு.

"கோச் சார், போர்ஷன் இன்னும் முடியல. பிள்ளைங்கள நான் கூட்டிட்டுப் போகட்டா?"

கேட்கிறார். கேட்கக்கூடத் தெரிந்திருக்கிறது மிஸ்ஸுக்கு.

கோச் கையிலிருந்த டைமரைப் பார்த்தான்.

"முடியாது மிஸ். இன்னும் மூணு ரவுண்டு இருக்கு."

குரல் உயரவில்லை. முறைப்பு இல்லை. மணி கேட்டவருக்கு மணி சொன்னதுபோல் இருந்தது.

"ஓ... சரி சார்."

அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

முடியாது.

இந்தப் பொடியனுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது?

பீப்.

பிள்ளைகள் துள்ளினார்கள். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மிஸ் இப்போது வேப்பமரத்துப் பக்கம் வந்துகொண்டிருந்தார்.

"சார், அப்ப நாளைக்கு உங்க எட்டாவத நான் எடுத்துக்கறேன்."

கேள்வி இல்லை. தகவல்.

பதிலுக்கு நிற்கவும் இல்லை. மிஸ் திரும்பி நடந்தார்.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். ஒரு அடிகூட ஓடாதவருக்கு நெஞ்சு தடதடவென்று அடித்தது.

மிஸ் வராந்தா ஏற இன்னும் பத்து அடி இருக்கும்.

ஒன்பது.

எட்டு.

"மிஸ்" என்றார்.