ஏறுகிற வண்டிகள் மட்டும்

"ஐயா, சந்தனக் கட்டை மலையில இருந்து இறங்கத்தான செய்யும்? நாம என்னத்துக்கு ஏறுத வண்டியப் பாத்துக்கிட்டு இருக்கோம்?"

ஏட்டு கொம்பையா கேட்டது நியாயமான கேள்விதான். சப் இன்ஸ்பெக்டர் ஞானசம்பந்தனிடம்தான் நியாயமான பதில் இல்லை.

"சொன்னதச் செய்யும் வே" என்று எரிந்து விழுந்தார்.

பாபநாசம் சாலைச் சோதனைச்சாவடியில் அன்று காலையிலிருந்தே வேடிக்கைதான். கறுப்புக் கண்ணாடி போட்ட கார்களுக்குள் யார் இருக்கிறார்கள் என்று கதவைத் திறக்காமலே காட்டுகிற கேமரா ஒன்றை ஒரு கம்பெனி சோதனைக்குக் கொடுத்திருந்தது. அதோடு வந்த இன்ஜினீயர் ஸ்ரீராகவ், சாவடிக்குள் ஒரு சின்ன டி.வி.யை வைத்து ஒயரை மாட்டினான். முதலில் கொம்பையாவை ஒரு கறுப்புக் கண்ணாடிக் காருக்குள் உட்காரவைத்துப் பார்த்தான்.

டி.வி.யில் வெளுத்த சட்டையும் வெறும் நெற்றியுமாகத் தெரிந்த கொம்பையாவைப் பார்த்துப் போலீஸ்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஏட்டையா எலெக்‌ஷன்ல நிக்கப் போறாருலே!" என்றார் ஒருவர். ஸ்ரீராகவ் ஏதோ விளக்க வந்தான். சிரிப்பில் யாருக்கும் கேட்கவில்லை.

ஞானசம்பந்தன் அந்தக் கூத்தைப் பார்க்கவே இல்லை. அப்போது அவர் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் இருந்தார். பேசியது அவர் மனைவி பிரம்மநாயகி.

"உலகுவக் காங்கலைங்க. பீரோவுல இருந்த என் அரக்குப் பட்டுச் சேலையும் காங்கல. கறுப்புக் கண்ணாடி போட்ட கார்ல அவ ஏறினதா எதுத்த வீட்டுல சொல்லுதாவ. பாபநாசம் கோயில்லதான் தாலி கட்டப் போறாவளாம். பிள்ளைய அடிச்சிராதீய, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

மகள் உலகம்மை வேறு சாதிப் பையனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள். நான் உயிரோடு இருக்கிறவரை நடக்காது என்று அவரும் சொல்லிவைத்திருந்தார். தாலி ஏறுவதற்குள் அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வீட்டில் விட வேண்டும். கோயிலுக்கு இந்தச் சாலையைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.

கார் காராக நிறுத்திக் கதவைத் திறந்து தேடலாம். ஆனால் எஸ்.ஐ. யாரைத் தேடுகிறார் என்ற கேள்வி வரும். சாயங்காலத்துக்குள் அம்பாசமுத்திரம் முழுக்கச் சிரிக்கும். அதனால்தான் அந்தக் கேமராவை மலைக்கு ஏறுகிற வண்டிகள் பக்கம் திருப்பச் சொல்லிவிட்டு, டி.வி.க்கு முன்னால் தானே உட்கார்ந்துகொண்டார்.

முதல் காரில் ஒரு ரைஸ்மில் முதலாளி வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். அடுத்ததில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்க்கிற மாதிரி அவருக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் பார்த்தார்.

மூன்றாவதாகக் கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் அம்பாசடர் வந்து தடுப்புக் கம்புக்கு முன்னால் நின்றது. பின் ஸீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி தலையில் முக்காடு போட்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு மற்றவள் தோளில் சாய்ந்திருந்தாள். அவள் உடம்பு குலுங்கியது. வெள்ளைச் சேலை. விரல்களுக்கு மேலே தெரிந்த நெற்றியில் பொட்டு இல்லை.

ஞானசம்பந்தன் சட்டென்று பின்னால் நகர்ந்தார். அஸ்தி கரைக்கவும் காரியம் செய்யவும் ஜனங்கள் பாபநாசம் ஆற்றுக்குத்தானே வருவார்கள். பாவம், எந்த வீட்டுப் பெண்ணோ! புருஷனைப் பறிகொடுத்தவள் கண்ணாடியை மூடிக்கொண்டு அழுவதைக்கூடவா ஒளிந்திருந்து பார்ப்பது? தன் வீட்டு மானத்தைக் காப்பாற்ற ஊரான் வீட்டுத் துக்கத்தை வேவு பார்த்துவிட்டோமே என்று அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

எழுந்து வெளியே போனார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். கம்பைத் தானே தூக்கிவிட்டு, போகலாம் என்று கையை உயர்த்திக் காட்டினார். அம்பாசடர் பைய நகர்ந்து மலைப்பக்கம் போனது.

அதற்குப் பிறகு வந்த கார்களிலும் உலகம்மை இல்லை. மத்தியானத்துக்கு மேல் அவரே அலுத்துப்போய், "போதும், கட்டுங்க" என்றார்.

ஒயரைச் சுருட்டிக்கொண்டே கொம்பையா கேட்டார். "ஏன் தம்பி, ஒம்ம மிஷினு எங் காக்கிய என்னத்துக்கு வேட்டி மாதிரி வெளுத்துக் காட்டுச்சு?"

"அதைத்தாங்க அப்பவே சொல்ல வந்தேன்" என்றான் ஸ்ரீராகவ். "இதுல துணியோட சாயம் தெரியாது. காக்கியோ சிவப்போ அரக்கோ, வெள்ளையாத்தான் வரும். நெத்தியில வச்ச குங்குமம்கூடத் தெரியாது."

ஞானசம்பந்தன் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணப் பட்டுடுத்திப் போன பெற்ற மகளை, தாலியறுத்தவள் என்று நினைத்து அல்லவா வழியனுப்பியிருக்கிறார்! எந்தத் தகப்பன் கண்ணாலும் பார்க்கக் கூடாத கோலம் அது. கொம்பையாவை நிமிர்ந்து பார்க்கக்கூட அவருக்குக் கூசியது.

போன் அடித்தது. பிரம்மநாயகிதான். அழுகையும் சிரிப்புமாக அவள் குரல் தடுமாறியது.

"ஏங்க, தாலி கட்டியாச்சாம்! கோயில் பக்கத்து பூத்துல இருந்து உலகு இப்பத்தான் பேசினா. சாவடி ஜன்னல் வழியா ஒங்களப் பாத்ததும் பயந்துபோய் மூஞ்சியப் பொத்திக்கிட்டு அழுதாளாம். கார் நகரும்போது பாத்தா, தொப்பியக் கழத்திட்டுக் கையத் தூக்கி நின்னியளாமே! அப்பா போலீஸா நிக்கலம்மா, அப்பாவா நின்னு ஆசீர்வாதம் பண்ணினாவன்னு சொல்லிச் சொல்லி அழுதா."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இம்புட்டு நல்ல மனசா ஒங்களுக்கு!" என்றாள் பிரம்மநாயகி.