இடிமகளின் எதிரொலி

தொலைக்காட்சிக் கார்ட்டூனில் பேருந்தையே தூக்கி எறியும் பதினாறு வயது வீராங்கனை இடிமகளுக்குப் பதினெட்டு வருடம் குரல் கொடுத்தவள் பிரமிளா. கம்பெனிக்காரர்கள் அந்தக் குரலை இயந்திரத்துக்குப் பழக்கிவிட்டு, "உங்க குரலுக்குச் சாகாவரம்மா!" என்று பொன்னாடை போர்த்தி அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு ஆம்புலன்ஸ் அழைப்புகளுக்கும் இடிமகளே பதில் சொல்லத் தொடங்கினாள்.

செவ்வாய்க்கிழமை மதியம், ரசம் சாதத்தின் முன்னால் கணவர் தாமோதரன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பிரமிளா ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள்.

"பயப்படாதீங்க, இடிமகள் இருக்கேன்! என்ன ஆச்சு?"

"எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி, சீக்கிரம் வண்டி அனுப்பும்மா!"

"என் குரலே எனக்குத் திரும்பக் கேக்குது. ஸ்பீக்கரை அணைச்சிட்டு மறுபடி கூப்பிடுங்க!"

பிரமிளா மறுபடி அழைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினாள். கட்டைக் குரலில் கத்தினாள். அதே பதில்தான்.

"வேற குரல்ல பேசேன்டி," என்று முனகினார் தாமோதரன். அதன்பிறகு அவர் பேசவில்லை.

பூட்டிக் கிடந்த வீடுகளைத் தாண்டி, நான்கு மாடி இறங்கி, வாட்ச்மேன் ஜோசப்பை அழைத்துவந்து பேசவைத்தாள்.

"சாருக்கு மூச்சு இல்லம்மா," என்றார் ஜோசப் போனில்.

பிரமிளாவின் குரல் அவரைக் கடிந்துகொண்டது: "ஏன் அங்கிள் இவ்ளோ லேட்டா கூப்பிட்டீங்க?"